முப்பத்திரண்டாம் பக்கத்து ஓட்டை

‘தாரகை முற்றம்: நாற்பதாண்டு வரலாறு’ என்ற நூலின் முன்வரைவு 2025 பிப்ரவரி மூன்றாம் தேதி இணையத்தில் ஏற்றப்பட்டது. அன்று காலை பசியாறக்கூட மறந்து, கெலாங் பாத்தாவில் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிரேமலா குணாளன் அதன் அறுபத்தொன்றாம் பக்கத்தை நான்கு முறை படித்தார். நான்கு முறையும் அதில் ஒரே செய்திதான் இருந்தது.

‘மாநில மடல்கள் இதழின் உயிர்நாடி. பினாங்கு மடலைத் தேவானந்தனும் பேராக் மடலைச் சத்தியபாமாவும் எழுதினர். ஜொகூர் மடலை எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. ஆசிரியர் குழுவே எழுதியிருக்கக்கூடும்.’

“கூடும்!” என்றார் பிரேமலா. “கூடுமாம்!”

எதிரே ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த கணவர் குணாளன், சிங்கப்பூருக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், நிமிர்ந்து பார்த்தார். “யாருக்கு என்ன கூடுதாம்?”

பிரேமலாவுக்கு அறுபத்திரண்டு வயது. கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்து, ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர். உருப்பெருக்கியின் கீழ் மின்சுற்றுப் பலகைகளை வைத்து, ஈயப் பற்று விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். குறை கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. ‘தாரகை முற்றம்’ என்ற கலை மாத இதழுக்குள் அவர் நுழைந்ததும் அப்படித்தான். 1988இல், கலைநிகழ்ச்சி நடந்த மண்டபத்தின் பெயரை இதழ் தவறாகப் போட்டிருந்தது. பிரேமலா இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். நிறுவன ஆசிரியர் சரவணமுத்து பதில் போட்டார்: ‘அன்புள்ள வாசகிக்கு, இவ்வளவு துல்லியமாகக் குறை சொல்பவர், ஜொகூர்ச் செய்திகளை நீங்களே மாதந்தோறும் எழுதி அனுப்பலாமே.’

1989 ஜனவரி முதல் 2002 டிசம்பர் வரை, ஒரு மாதமும் விடாமல், நூற்று அறுபத்தெட்டு மடல்கள். மகள் லோஷினி பிறந்த மாதத்து மடலை மருத்துவமனைக் கட்டிலில் எழுதினார். பண்டார் தெங்காராவில் ஒரு பாடகர் திருமணத்துக்கு மழையில் மோட்டார் சைக்கிளில் போய், ஆறு வரி எழுதினார். அதில் நான்கு வரி அச்சானது. மடலை உறையிலிட்டு ஜொகூர் பாரு பேருந்து நிலையத்தில் கோலாலம்பூர் போகும் ஓட்டுநர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். நகல் எடுத்து வைத்ததில்லை. அச்சாகப்போகிற ஒன்றுக்கு நகல் எதற்கு என்று அப்போது தோன்றியது. ஆசிரியரோ முதல் கடிதத்துக்குப் பிறகு எழுதவேயில்லை. எதுவானாலும் தொழிற்சாலைத் தொலைபேசிக்கு அழைப்பார். ஆக, பிரேமலாவின் கையில் இருந்த ஒரே ஆவணம் அவரை ‘வாசகி’ என்று சொன்னது.

நூலைத் தொகுத்தவர் சுகுமாறன். இதழின் அச்சுப் பதிப்பு 2014இல் நின்றபின், அதை ஒரு கைப்பேசிப் பக்கமாக நடத்திவரும் இளைஞர். அன்றே பிரேமலா அவரை அழைத்தார்.

“தம்பி, கெலாங் பாத்தாவிலிருந்து பிரேமலா பேசுறேன். ஜொகூர் மடல் எழுதினது நான்தான்.”

“ஓ, வணக்கம் ஆன்ட்டி! ரொம்ப சந்தோஷம். நீங்க நாலாவது ஆளு.”

“என்னது நாலாவது?”

“ஜொகூர் மடல் நான்தான் எழுதினேன்னு கூப்பிட்டவங்கள்ல. மூவார்ல ஒருத்தர், குளுவாங்ல ரெண்டு பேரு. நான் யாரைன்னு நம்புறது ஆன்ட்டி, சொல்லுங்க? பேர் அச்சான பக்கம் ஒண்ணு அனுப்புங்க, போட்டுடலாம்.”

“நூத்து அறுபத்தெட்டு மாசம் என் பேர் அச்சாச்சுப்பா!”

“ஒண்ணு போதும் ஆன்ட்டி. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள.”

அந்த ஒன்றுதான் இல்லை. காரணத்தை விளங்கிக்கொள்ள அக்கால ‘தாரகை முற்ற’த்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பக்கத்தின் வலக்கோடியில், கீழே, புள்ளிக்கோட்டுக்குள் ஒரு கூப்பன் இருந்தது. மாதத்தின் சிறந்த உள்ளூர்க் கலைஞருக்கு வாக்களிக்க அது வேண்டும். பிள்ளையின் பிறந்தநாள் படம் வெளிவர, குறுக்கெழுத்துப் போட்டியில் கலந்துகொள்ள, சோதிடரிடம் கேள்வி கேட்க, எல்லாவற்றுக்கும் அதே கூப்பன். ‘அசல் மட்டுமே, நகல் ஏற்கப்படாது’ என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் உண்டு. தமக்குத் தேவையில்லாதவர்கூட அதை வெட்டி, தேவைப்படும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தார்கள். வெட்டப்படாத கூப்பன் வீட்டில் கிடப்பது, சோற்றைக் கீழே கொட்டியதற்குச் சமமாகக் கருதப்பட்டது.

கூப்பனின் பின்புறம் முப்பத்திரண்டாம் பக்கம். அதன் இடப்பத்தி முழுதும் ஜொகூர் மடல். தலைப்பு மேலே, எழுதியவர் பெயர், வழக்கப்படி, கடைசி வரியில். நாடு முழுவதும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான கத்தரிக்கோல்கள் பிரேமலாவின் பெயரைத்தான் வெட்டி எடுத்தன. ஒருமுறை அவர் இதைச் சரவணமுத்துவிடம் முறையிட்டதுண்டு. “படிச்சிட்டுத்தானேம்மா வெட்டுவாங்க?” என்றார் அவர். அது நியாயமாகப் பட்டு, பிரேமலாவும் தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட எரிச்சலூட்டியது அவருடைய சொந்தச் சேகரிப்பு. அலமாரியில் நூற்று அறுபத்தெட்டு இதழ்களும் ஆண்டுவாரியாக, கறையான் படாமல் இருந்தன. நூற்று அறுபத்தெட்டிலும் ஓட்டை. பண்டார் தெங்காரா பாடகர் ஹேமநாதன் வெல்ல வேண்டும், ஜொகூருக்கு ஒரு விருதாவது வரவேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கூப்பன் வெட்டச் சொன்னவரே பிரேமலாதான். ஊருக்குச் சொன்னவர் தாம் வெட்டாமல் இருக்கலாமா? புள்ளிக்கோட்டுக்கு ஒரு நூலிழை வெளியே, நேர்க்கோடாக, தொழிற்சாலைத் துல்லியத்தோடு வெட்டியிருந்தார்.

“நான் சாட்சி சொல்றேன்,” என்றார் குணாளன். “பதினாலு வருசமா நீ மடல் எழுத உக்காந்ததால மாசக் கடைசியில எனக்கு முட்டைப் பொரியலும் சோறும்தான். வேற என்ன ஆதாரம் வேணும் அவனுக்கு?”

“புருசன் சாட்சி செல்லாதுங்க.”

“அப்போ முட்டையைக் கூப்பிடு.”

பிரேமலா ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டார்: இடம், இதழ், பக்கத்தின் நிலை. இதழ் அலுவலகத்தின் பழைய பிரதிகள் இடம் மாறியபோது மழையில் நனைந்து போயின என்று சுகுமாறன் சொன்னார். சட்டப்படி தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டிய பிரதிகளை நிர்வாகம் அனுப்பியதே இல்லை என்பதையும், ஏதோ வேடிக்கைச் செய்தி போல, அவரே சொன்னார். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தாறு இதழ்கள் இருப்பதறிந்து, விடுப்பெடுத்த லோஷினியோடு பிரேமலா அங்கே போனார். வாசகர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தவை. இருபத்தாறிலும் ஓட்டை. அவற்றைப் பேணுவதற்காக நூலகம் அழகாகத் தோலட்டை கட்டியிருந்தது. ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, கட்டின் நடுவே ஒரு சிறு பெட்டி போலவே ஆகியிருந்தது.

“அம்மா, இதுல பேனா வைக்கலாம்போல,” என்றாள் லோஷினி. பிரேமலா பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்தார். கட்டத்தில் இருபத்தாறு முறை ‘இல்லை’ என்று எழுதினார்.

ஸ்கூடாய், கூலாய், குளுவாங் என ஊர் ஊராகப் பழைய வாசகர் வீடுகள். மார்ச் இருபதாம் தேதிக்குள் நூற்றுப் பதினொரு பிரதிகள். மூன்றில் மட்டும் கூப்பன் இருந்தது. ஆனால் அம்மூன்றும் 2003க்குப் பிந்தியவை. அப்போது மடல்கள் நிறுத்தப்பட்டு, முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு நடிகையின் முழுநீளப் படம் வந்துகொண்டிருந்தது. அந்த நடிகையை மட்டும் யாரும் வெட்டவில்லை.

கடைசியாக மிஞ்சியது பெக்கான் நானாஸ். அங்கே ஹேமநாதன் ரசிகர் மன்றத்தின் செயலாளராக இருந்தவர் அர்ச்சுனன். அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து, இப்போது சாலையோரத்தில் அன்னாசிக் கடை வைத்திருப்பவர். பிரேமலா தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு, “அர்ச்சுனா, பழைய தாரகை முற்றம் ஏதாச்சும் உன்கிட்ட இருக்கா?” என்றார்.

மறுமுனையில் அர்ச்சுனன் லாரிகளின் ஓசைக்கு மேலே குரலை உயர்த்தினார்.

“கூப்பன் எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

“நான் கூப்பன்னே சொல்லலையே?”

“அலமாக்,” என்று பதறினார் அர்ச்சுனன். இணைப்பு அறுந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் விட்டுப்போன இடத்தையே தேடிக் கண்டவருக்கு இது போதாதா? அரை மணி நேரத்தில் குணாளன் காரை எடுத்தார். டிசம்பர் 1994 இதழைப் பிரேமலா நெகிழி உறையிலிட்டு மடியில் வைத்துக்கொண்டார். தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ‘ஆண்டின் தாரகை’ விருதுக்கான கூப்பன் வந்த இதழ் அது. அவ்வாண்டு ஹேமநாதன், ஈப்போ நகைச்சுவை நடிகர் ஒருவரிடம் தொண்ணூற்றேழு வாக்கில் தோற்றார். ஜொகூர் அதற்குமேல் வெற்றியின் அருகே போனதே இல்லை.

கடையில் அர்ச்சுனன் பழத்தின் கண்களைச் சுழல்கோடாகச் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் பிரேமலாவைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“வாங்கக்கா. வாங்க மாமா. பழம் சாப்பிடுறீங்களா?”

“கூப்பன் எங்கடா?”

“ஒரு துண்டு சாப்பிட்டுட்டு…”

“அர்ச்சுனா.”

அவர் உள்ளே போய் ஒரு சதுர பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மூடி துருவேறியிருந்தது, குணாளன் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே ரப்பர் வளையங்கள் இற்று ஒட்டிப்போன கட்டுகளாக, டிசம்பர் 1994 கூப்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஊர், ஹேமநாதனுக்கு ஒரு வாக்கு. பிரேமலா எண்ணினார். நூற்று எண்பத்தாறு.

“தொண்ணூத்தேழு ஓட்டுல தோத்தோம்,” என்றார் மெதுவாக. “நூத்து எண்பத்தாறு இங்க பிஸ்கட் டப்பாவுல இருக்கு. ஏண்டா? போஸ்டாபீஸ் எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு?”

“திருப்பிப் பாருங்கக்கா,” என்றார் அர்ச்சுனன்.

பிரேமலா ஒரு கூப்பனைத் திருப்பினார்.

‘…நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் நூறு பேருக்கு மேல் திரட்டி, மன்றத்தைக் கட்டிக் காக்கும் இளைஞர் அர்ச்சுனனின் உழைப்பு ஜொகூருக்கே பெருமை. — பிரேமலா குணாளன், கெலாங் பாத்தா.’

“என் பேரு அதுக்கு முன்னால எங்கயும் அச்சானதில்லக்கா,” என்றார் அர்ச்சுனன். “ஒண்ணே ஒண்ணு எனக்கு வெச்சிக்கலாம்னு பார்த்தேன். அப்புறம் அம்மாவுக்கு ஒண்ணு. அண்ணனுங்களுக்கு ரெண்டு. சின்னம்மா வீட்டுக்கு ஒண்ணு. எதை அனுப்புறது, எதை வெச்சிக்கிறதுன்னே முடிவு பண்ண முடியல. எல்லாத்துலயும் நான் இருக்கேன். கே.எல்.ல எண்ணி முடிச்சிட்டுக் குப்பையிலதானே போடப்போறாங்க? மத்த ஊருங்க அனுப்பினாலே ஹேமநாதன் அண்ணன் ஜெயிச்சிடுவாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள தேதி போயிடுச்சு.”

“அனுப்பிட்டேன்னு என்கிட்டயே சொன்னியே!”

“சொன்னேன்க்கா.”

பிரேமலாவுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தார். தம் பெயர் அச்சான ஒரு துண்டுத் தாளுக்காக ஏழு வாரமாக மாநிலம் முழுதும் அலைந்த ஒருவர், தம் பெயர் அச்சான துண்டுத் தாளை முப்பதாண்டு காப்பாற்றிய ஒருவரை என்னவென்று திட்டுவது? அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, கொண்டுவந்த இதழை எடுத்து முப்பத்திரண்டாம் பக்கத்தை விரித்தார். மடலில் எஞ்சிய கடைசி வரி ‘பெக்கான்’ என்று ஓட்டையின் விளிம்பில் நின்றிருந்தது. கூப்பனைத் திருப்பி ஓட்டைக்குள் வைத்தார். ‘நானாஸ்’ வந்து சேர்ந்தது. அவர் புள்ளிக்கோட்டுக்கு வெளியே வெட்டியிருந்ததால் சுற்றிலும் ஒரு நூலிழை இடைவெளி இருந்தது. மற்றபடி பக்கம் முழுசாக இருந்தது.

“பழம் கொண்டாடா,” என்றார்.

அன்று மாலையே, முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, பக்கத்தோடு பொருத்தியது ஒன்று என மூன்று படங்கள் சுகுமாறனுக்குப் போயின. எந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கி ஒரு குறிப்பும் உடன் போனது. கெடுவுக்கு எட்டு நாள் மீதமிருந்தது. சுகுமாறன் ஒரு கட்டைவிரல் குறியைப் பதிலாக அனுப்பினார்.

ஜூன் பதினேழாம் தேதி நூல் அஞ்சலில் வந்தது. பளபளத்த தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரேமலா கைகழுவிவிட்டு வந்து பிரித்தார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கூப்பன் வண்ணத்தில் இருந்தது. முன்புறம். கீழே: ‘ஆண்டின் தாரகை கூப்பன், 1994. படம் உதவி: வாசகி பிரேமலா, கெலாங் பாத்தா.’

அறுபத்தொன்றாம் பக்கத்தில், முன்போலவே, ஜொகூர் மடலை ஆசிரியர் குழுவே எழுதியிருக்கக்கூடும்.

“பின்பக்கம் வெறும் எழுத்துதானே ஆன்ட்டி,” என்றார் சுகுமாறன் தொலைபேசியில். “முன்பக்கம்தான் கலரா இருந்துச்சு. டிசைன் பண்ணவங்க அதை எடுத்துட்டாங்க.”

“அறுபத்தொண்ணாம் பக்கம்?”

“அது அப்பவே லாக் பண்ணிட்டோம் ஆன்ட்டி.”

“எப்ப?”

“முன்வரைவு போட்டோம் பாருங்க? அதுக்கு முந்தின வாரம்.”

“அப்புறம் எதுக்குப்பா மார்ச் முப்பத்தொண்ணுன்னு தேதி குடுத்த?”

“வாசகர்களோட பங்கேற்பு வேணும்ல ஆன்ட்டி. கவலப்படாதீங்க, அம்பதாவது வருசப் பதிப்புல கண்டிப்பா போட்டுடலாம்.”

பிரேமலா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஐம்பதாவது ஆண்டில் தமக்கு எழுபத்திரண்டு வயது ஆகும் என்று கணக்கிட்டார். பிறகு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வேறொரு கணக்குப் போட்டார். ஜூலையில் ஸ்கூடாய் மண்டபத்தில் ஜொகூர் வெளியீடு. வரப்போகும் நூல்கள் நூற்றைம்பது. கூப்பன்கள் நூற்று எண்பத்தாறு. அவர் பெக்கான் நானாஸுக்கு அழைத்தார்.

“அர்ச்சுனா, அந்த டப்பாவைக் கொண்டுவா. பசையும் வாங்கிட்டு வா. அப்புறம் ஹேமநாதன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்லமாட்டேன்.”

“என்னை அடிச்சிடுவாருக்கா.”

“அடிச்சா வாங்கிக்கோ.”

வெளியீட்டு நாளில், மண்டப வாசலில் நூல் விற்கும் மேசையைப் பிரேமலாவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏற்பாட்டாளர்களுக்கு ஆள் கிடைத்ததே பெரிது. காலை எட்டு மணியிலிருந்து அவரும் அர்ச்சுனனும் ஒவ்வொரு நூலிலும் அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து, ஒரு கூப்பனின் ஓர் ஓரத்தில் மட்டும் பசை தடவி, பின்புறம் மேலே தெரியும்படி ‘கூடும்’ என்ற சொல்லின் மீது ஒட்டினார்கள். புரட்டினால் வாக்கு, புரட்டாவிட்டால் பெயர். ஒட்டும்போது கோணாமல் இருக்கப் பிரேமலா அடிமட்டம் கொண்டுவந்திருந்தார். நேராக ஒட்டாத மூன்றை அர்ச்சுனனிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஹேமநாதன் பத்து மணிக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது; இப்போது விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறார். அர்ச்சுனன் எழுந்து போய், அவர் காதருகே ஏதோ சொன்னார். ஹேமநாதன் மேசைக்கு வந்து ஒரு கூப்பனைப் புரட்டி, தம் பெயரைப் பார்த்தார், மறுபடி புரட்டி, மற்ற இரண்டு பெயர்களைப் பார்த்தார்.

“நூத்து எண்பத்தாறாடா?” என்றார். “முப்பது வருசமா என் குரல்தான் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்டா நான்! பாட்ட விட்டுட்டுப் பிரியாணி கிண்டப் போனேனே, பாவி!”

“பிரியாணி நல்லா இருக்குண்ணே,” என்றார் அர்ச்சுனன்.

ஹேமநாதன் அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பசைக்குழாயைத் திறந்தார்.

பத்தரைக்குச் சுகுமாறன் கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஒரு நூலைப் பிரித்தவர் அறுபத்தொன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“ஆன்ட்டி, என்ன இது?”

“பிழைதிருத்தம்,” என்றார் பிரேமலா, அடுத்ததை ஒட்டியபடி. “பின்பக்கம் வெறும் எழுத்துதான். நீங்க பார்க்க வேணாம்.”

சுகுமாறன் ஒட்டிய கூப்பனைப் பார்த்தார், வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், நூலை மூடிப் பழைய இடத்தில் வைத்தார். முதல் நூல் பண்டார் தெங்காராவிலிருந்து வந்த ராஜம்மா என்ற பெண்மணிக்குப் போனது. அக்காலத்தில் மாதம் தவறாமல் வாங்கிப் படித்தவராம். அவர் அங்கேயே நின்று நூலைப் புரட்டினார். அறுபத்தொன்றாம் பக்கம் வந்ததும் ஒட்டிய துண்டையும் புரட்டினார், முகம் மலர்ந்தது. கைப்பையைத் திறந்து துழாவி, ஒரு சிறு கத்தரிக்கோலை வெளியே எடுத்தார்.

“கூப்பன் குடுத்திருக்காங்களே! இதை எங்க அனுப்பணும்க்கா? கடைசித் தேதி எப்ப?”

“வெட்டாதீங்க!” என்று பிரேமலா போட்ட கூச்சலில், மேடையில் ‘ஒன்று, இரண்டு’ என்று ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்தினார்.